ஒன்பது ஓட்டைச் சுவர்

அன்பும் அதைவிடப் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் உங்கள் மச்சானும் என் மருமகளும் சுகமாக இருக்கிறோம். குளியலறைச் சுவர் மட்டும் அவ்வளவு சுகமாக இல்லை. காரணத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். நீங்களும் என் மகளும் நலம்தான் என்று நேற்றுப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போனில் பேசிய பிறகு கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் பேச்சோடு போச்சு. கடிதம் என்றால் கோப்பில் இருக்கும். ஆவண அறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு வேறு புத்தி வராது.

நீங்கள் அன்போடு அனுப்பிய, நெட் சிக்னலைப் பரப்பும் வயர்லெஸ் ஆக்சஸ் பாயிண்ட் போன புதன்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. வெள்ளை வெளேரென்று வட்டமாக, சாப்பாட்டுத் தட்டு அளவில் இருந்ததால் வீட்டில் அதற்குத் 'தட்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது. நானும் இனி அப்படியே எழுதுகிறேன். "ஆள் வெச்சு மாட்டுங்க மாமா" என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆள் வைத்தேன். ஆனால் அந்த ஆளை மேற்பார்வை பார்க்க இன்னொரு ஆள் வேண்டுமே, அது நான். வினையே அங்கேதான் ஆரம்பம் என்று உங்கள் அத்தை சொல்கிறாள்.

அவள் தினமும் மூன்று மணிக்கு லேப்டாப்பில் ஒன்பது பிள்ளைகளுக்கு வடிவியல் நடத்துவது உங்களுக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அவள் அதைப் பின்னறையில் இருந்து நடத்தவில்லை, மாடிப்படியில் மூன்றாம் படியில் உட்கார்ந்து நடத்திக்கொண்டிருந்தாள். நெட் பெட்டி இருப்பது முன்னறையில், அதாவது என் அறையில். அங்கிருந்து பின்னறைக்குப் போவதற்குள் நடுவில் இருக்கிற தடித்த சுவரும் இரும்பு பீரோவும் சிக்னலைத் தின்றுவிடுகின்றன. படியிலும் முழுசாகக் கிடைக்காது. "ஆகவே இந்த இரண்டு கோணங்களும்" என்று அவள் ஆரம்பிப்பாள், படம் அப்படியே நின்றுவிடும், ஒன்பது பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி உறைந்துபோன டீச்சரைப் பார்த்துக்கொண்டு கோணங்கள் என்ன ஆயின என்று தெரியாமலேயே விளையாடப் போய்விடுவார்கள். மூன்று மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் என் முன் வந்து நின்று சொன்னாள்: "ஏங்க, வர்ற திங்கக்கிழமை மூணு மணிக்குப் பின்ரூம்ல சிக்னல் வரணும். வரலேன்னா முன்ரூம் எனக்கு, பின்ரூம் உங்களுக்கு. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை, முன்னறை எனக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும். தெருவைப் பார்த்த ஜன்னல், என் பிரம்பு நாற்காலி, வருட வாரியாகக் கட்டி வைத்த கோப்புகள், காலையில் மூன்று மணி நேரம் பேப்பர் படிக்கும்போது ஒரு ஈ காக்கை உள்ளே வராத அமைதி. பின்னறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் தெரியும். ரிட்டயர் ஆனவனுக்கு நாற்காலியும் ஜன்னலும் போனால் என்ன மிச்சம்? ஆகையால்தான் அவ்வளவு அவசரமாக உங்களிடம் தட்டு கேட்டேன். அத்தையின் வசதிக்காக என்று அப்போது சொன்னது முழுப் பொய் இல்லை, முக்கால் பொய்.

வேலைக்கு வந்தவர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். பெயர் எனக்கே மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவர் 'ரசமட்டம்'தான். குமிழி நடுவில் நிற்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, அந்தக் கருவி இல்லாமல் அவர் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார். டீ கொடுத்தால் டம்ளரை வைக்கும் முன் மேஜைக்கு மட்டம் பார்ப்பார். பெட்டிக்குள் தட்டோடு ஒரு காகிதமும் இருந்தது. சுவரில் எங்கெங்கே துளை போட வேண்டும் என்று நாலு வட்டம் அச்சடித்த காகிதம். அதைச் சுவரில் ஒட்டி, வட்டத்தின் மேலேயே டிரில் வைக்க வேண்டுமாம். ரசமட்டம் அதை எடுத்து ஒட்டப் போனார். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன். ஆவண அறையில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம், மூலத்தில் கை வைக்காதே, நகலில் வேலை செய் என்பது. மூலக் காகிதத்தின் மேல் டிரில் வைப்பதா? நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது. நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒரு பிரதி எடுத்து வந்தேன். கடைக்கார அம்மா நல்ல மாதிரி. என் கண்ணாடியின் தடிமனைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார். "கண்ணுக்கு நல்லா தெரியட்டும்னுதான் சார் பெரிய பேப்பர்ல போட்டேன்" என்று பிறகு போய்க் கேட்டபோது சொன்னார். வாங்கும்போது காகிதம் கொஞ்சம் கம்பீரமாக இருக்கிறதே என்று எனக்கே தோன்றியது. ஆனால் நகல் என்றால் நகல்தானே என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை அந்தக் கம்பீரமான காகிதத்தைப் பின்னறைச் சுவரில் ஒட்டி, ரசமட்டம் மூன்று முறை மட்டம் பார்த்து, "சார், நூத்துக்கு நூறு" என்று சொல்லி, நாலு துளை போட்டு, ஸ்க்ரூ பிடிக்க நாலு பிளக்கும் அடித்து, கையோடு கையாக அதற்குக் கீழே கேபிள் வர ஒரு பெரிய துளையும் போட்டுவிடலாம் என்று நீளமான டிரில்லை மாட்டினார். "அந்தப் பக்கம் என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். "நடைதான், தைரியமாப் போடுங்க" என்றேன். அந்தச் சுவருக்குப் பின்னால் பாதிதான் நடை, மீதிப் பாதி குளியலறை என்பது முப்பது வருடமாக இந்த வீட்டில் குளிக்கிற எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. டிரில் சுவரைக் கடந்த சத்தமும் உள்ளே உங்கள் மச்சான் போட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டன. முகமெல்லாம் சோப்பு நுரையோடு, பாதி சவரத்தோடு வெளியே ஓடி வந்து, "அப்பா! கண்ணாடிக்குப் பக்கத்துல சுவத்துலேர்ந்து இரும்பு மூக்கு வருது!" என்றான். ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் கண்ணாடி போயிருக்கும், இரண்டு சாண் வந்திருந்தால் உங்கள் மச்சானின் மூக்கு. ரசமட்டம் அமைதியாக உள்ளே போய், வெளியே நீட்டிக்கொண்டிருந்த டிரில் மேல் மட்டக் கருவியை வைத்துப் பார்த்து, "ஆனாலும் நேரா வந்திருக்கு பாருங்க சார்" என்றார்.

கேபிளைப் பிறகு கதவுக்கு மேலே வென்டிலேட்டர் வழியாகக் கொண்டுவந்தோம். தட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டையை மாட்டப் போனால், பட்டையில் இருக்கிற துளைக்கும் சுவரில் இருக்கிற துளைக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. பட்டையைத் திருப்பிப் பார்த்தோம், கவிழ்த்துப் பார்த்தோம், தப்பான பட்டையை அனுப்பிவிட்டார்கள் என்று கம்பெனியைத் திட்டினோம், மன்னிக்க வேண்டும், உங்களையும் ஒரு வார்த்தை சொன்னேன். சத்தம் கேட்டு உங்கள் அத்தை வந்தாள். மூலக் காகிதத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்கோலால் அளந்தாள். "வடிவொத்தது," என்றாள். நான் சந்தோஷமாக, "பாத்தியா, ஒத்திருக்கு!" என்றேன். "வடிவொத்ததுன்னேன். சர்வசமம்னு சொல்லல. கோணம் எல்லாம் அதே கோணம், தூரம் மட்டும் ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. எட்டாவது படிக்கிற பிள்ளைகூட இந்தத் தப்பு பண்ணாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடைசியில் மூலத்தையே ஒட்டினோம். டிரில் அதன் மேல் இறங்கியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பழைய நாலு, புதிய நாலு, குளியலறைக்கு ஒன்று, ஆக மொத்தம் ஒன்பது ஓட்டை. மனித உடம்புக்கே ஒன்பது ஓட்டைதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து, கரண்டும் நெட்டும் ஒரே கேபிளில் போகும் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னால் ரசமட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன். கரண்ட்டு தனி, நெட்டு தனி. சேத்து விட்டா பட்டாசுதான்" என்று சொல்லி, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கையை மட்டும் நீட்டிச் செருகினார். பட்டாசு ஒன்றும் வெடிக்கவில்லை. தட்டின் நடுவில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. மருமகள் போனில் சிக்னலைப் பார்த்து, "மாமா, நாலு கோடு!" என்று கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் நாற்காலி தப்பித்தது.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தட்டைச் சுற்றி அந்த நாலு பழைய ஓட்டைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் நான் ரிட்டயர் ஆனபோது ஆபீசில் கொடுத்த பித்தளைக் கேடயம் நினைவுக்கு வந்தது. பத்து வருடமாக பீரோ மேல் தூசி பிடித்துக் கிடந்தது. அகலமான கேடயம், தட்டையும் மறைக்கும், ஓட்டையையும் மறைக்கும். வீணாய்ப்போன ஓட்டைகளிலேயே இரண்டு நீள ஸ்க்ரூவை முடுக்கி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தட்டுக்கு முன்னால் அதைத் தொங்கவிட்டேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா!

திங்கட்கிழமை, அதாவது இன்று, இரண்டே முக்காலுக்கு உங்கள் மச்சான் போனோடு பின்னறைக்குப் போனான். "அப்பா, ஒரு கோடுகூட இல்ல." ரசமட்டத்துக்குப் போன் போட்டேன். அவர் ஓடி வந்து கேபிளை இழுத்தார், செருகினார், கேடயத்துக்கு மட்டம் பார்த்தார். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உங்கள் அத்தை லேப்டாப்போடு வந்து வாசலில் நின்றாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது என்னங்க?" "கேடயம்." "கேடயத்துக்கு வேலையே தடுக்கிறதுதானே? இவ்வளவு பெரிய பித்தளையை முன்னாடி மாட்டி வெச்சா சிக்னல் எந்த வழியா வரும்?" என்று சொல்லி அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நாலு கோடும் வந்தன. தான் கேபிளை இழுத்துச் செருகியதால்தான் வந்தது என்று ரசமட்டம் சொல்ல, உங்கள் மச்சானும் அதையே நம்பிவிட்டான்.

மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "பிள்ளைங்களா, இன்னிக்கு வடிவொத்ததுக்கும் சர்வசமத்துக்கும் என்ன வித்தியாசம்னு பாப்போம். இந்தச் சுவத்துல இருக்கிற ஓட்டையை எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க. இதைப் போட்டவர் ரொம்பப் படிச்சவர்" என்று அவள் ஆரம்பித்ததும் ஒன்பது பிள்ளைகளும் சிரித்தது எனக்குக் கேட்டது. சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரு மணி நேரம், ஒரே ஒரு இடத்தில்கூட அவள் குரல் நிற்கவில்லை மாப்பிள்ளை. "ஆகவே இந்த இரண்டு கோணங்களும் சமம்" என்று அவள் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்ததை மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றுதான் கேட்டேன். மனசு நிறைந்துவிட்டது. முக்கால் பொய் என்று மேலே எழுதியதை அரைப் பொய் என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் முன்னறையில், என் நாற்காலியில், ஜன்னலோரமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எல்லாம் உங்கள் தயவு. இருவரும் நோய்நொடி இல்லாமல், எந்தக் காலத்திலும் நாலு கோட்டுக்குக் குறையாமல், சீரும் சிறப்புமாக வாழ வேண்டும். இந்தக் கடிதத்தை என் மகளிடம் காட்ட வேண்டாம். காட்டினாலும் குளியலறைப் பத்தியை மடித்துவிட்டுக் காட்டவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, வியாழக்கிழமை திரும்பவும் பிரித்திருக்கிறேன். பின்னறையில் சிக்னல் அமோகமாக இருப்பது வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. உங்கள் மச்சான் ஆபீஸ் லேப்டாப்போடு அங்கேயே குடியேறிவிட்டான். மருமகள் தையல் வீடியோ பார்க்க அங்கேதான் வருகிறாள். ரசமட்டம்கூட மட்டம் சரியாக நிற்கிறதா பார்க்கிறேன் என்று தினமும் வந்து, போனில் ஃபுட்பால் பார்த்துவிட்டுப் போகிறார். நேற்று உங்கள் அத்தை என்னிடம் வந்து, "இந்தச் சந்தைக்கடையில பாடம் நடத்த முடியாதுங்க. உங்க ரூம்லதான் ஒருத்தரும் வர்றதில்ல, நெட் பெட்டியும் அங்கேயே இருக்கு. நாளையிலேர்ந்து நான் முன்ரூம்" என்று சொல்லிவிட்டாள். நாற்காலி மட்டும் என்னோடு வந்துவிட்டது. இதைப் பின்னறையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி எழுதுகிறேன். காலையில் பேப்பர் படிக்க முடியாத அளவுக்குக் கூட்டமும் கூச்சலும். ஆகையால் பத்து மணிக்கு யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கேடயத்தை மறுபடி அதே ஸ்க்ரூவில் மாட்டிவிட்டேன். பத்தேகால் ஆவதற்குள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். இப்போது ஒரு ஈ காக்கை இல்லை. தட்டு ரிப்பேர் ஆகிவிட்டது என்று உங்கள் மச்சான் உங்களுக்குப் போன் செய்வான். தயவுசெய்து, புதுசு வருவதற்கு ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிவிடுங்கள். கேடயத்துக்கு நானே மட்டம் பார்த்துவிட்டேன். நூற்றுக்கு நூறு.