வெறும் வயிற்றில் ஸ்டியரிங்

அன்று விடியற்காலை எங்கள் பிக்கப் வண்டியைச் சுற்றி அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், நான் இருந்தேன். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு டாக்டர் பாய் இருந்தார். வராமல் போனது நோய் மட்டும்தான்.

மாரண்டஹள்ளியில் மெக்கானிக்குகள் எத்தனையோ பேர். ஆனால் வண்டிக்கு வைத்தியம் பார்க்க அதன் வீட்டிலேயே வந்து தங்கியவர், உலகத்திலேயே டாக்டர் பாய் ஒருவர்தான். நோயைக் கண்ணால் பார்க்காமல் மூடியைத் திறப்பதில்லை என்பது அவர் சபதம்.

எங்கள் வண்டியின் நோய் விசித்திரமானது. தை மாதக் குளிரில் விடியற்காலை ஸ்டியரிங் அசையாது. அப்பா இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவார். கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறிவிட்டால் ஒரு விரல் போதும். வீட்டு வாசலைத் தாண்டியதும் கிணற்றை ஒட்டி ஒரு திருப்பம். ஒருமுறை அங்கே திரும்பாமல் கைப்பிடிச் சுவரை இடித்துவிட்டோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தக்காளிப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு நாளு லேட்டாச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவோமுங்க" என்று சொல்லிவிட்டார். அந்தத் தக்காளியைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் வாடகையில்தான் எங்கள் சோறு.

பட்டறைக்கு ஓட்டிப் போனால், போய்ச் சேர்வதற்குள் குணமாகிவிடும். பாய் ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றிவிட்டு என்னை முறைத்தார்.

"சுகர் டெஸ்ட்டுக்கு டீ குடிச்சிட்டா வருவாங்க, தம்பி? வெறும் வயித்துல பாக்கணும். உங்க வூட்டுக்கு நானே வர்றேன்."

கம்பளி, தொழுகைப் பாய், ஸ்பேனர் பையோடு வந்தார். வண்டியைக் கொட்டகைக்குள் விடச் சொல்லி, பக்கத்திலேயே கட்டில் போட்டுக்கொண்டார். யாராவது இருமினால், "மெதுவா... பேஷண்ட் தூங்குது" என்றார்.

விருந்தாளி என்பதால் கோழி. அவர் கையாலேயே கோழியை அறுத்துத் தரச் சொல்லி அம்மா குழம்பு வைத்தாள். விடியற்காலைத் தொழுகைக்கு அவர் கைகால் கழுவ, கொட்டகை ஓரத்து அடுப்பில் வெந்நீர் போட்டாள். தொழுது முடித்து அவர் சைகை காட்ட, அப்பா வண்டியைக் கிளப்பினார். ஸ்டியரிங் ராட்டினம் மாதிரி சுற்றியது.

"நடிக்குது" என்றார் பாய்.

மறுநாளும் கோழி, மறுநாளும் நடிப்பு. தோட்டத்துக்காரர் அப்பாவிடம் சொன்னார்: "பாய் இருக்கற வரைக்கும் வண்டி ஓடுது. பேசாம உங்க ரேசன் கார்டுல அவரு பேரையும் சேத்துருங்க." அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாய் போய்விட்டால்?

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தத் தைரியத்தில், "ஆயிலையாவது தொறந்து பாக்கலாமுங்களே" என்றேன்.

"படிச்ச புள்ள பேசற பேச்சா இது? காய்ச்சலே இல்லாதவனுக்கு ஊசி போடச் சொல்றியே!"

நான்காவது கோழியைச் சாப்பிட்ட இரவு தூறல். விறகு நனைந்து, காலையில் அடுப்பு பற்றவில்லை. பாய் பச்சைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, பல் கிடுகிடுக்கத் தொழுது எழுந்தார். அப்பா வண்டியைக் கிளப்பி ஸ்டியரிங்கைப் பிடித்தார். அசையவில்லை.

"வந்துருச்சு! வந்துருச்சு!" பாய் கட்டிலைச் சுற்றி ஓடினார்.

நான் அணைந்த அடுப்பைப் பார்த்தேன். அதற்கு ஒரு முழம் தள்ளி நின்ற வண்டியின் மூக்கைப் பார்த்தேன்.

"பாய், இத்தன நாளா உங்க அடுப்புலதான் பேஷண்ட் குளிர் காஞ்சிருக்குதுங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பாய் ஒருவழியாக ஸ்டியரிங் ஆயில் டப்பாவைத் திறந்து, விரலை விட்டு, மோந்து பார்த்தார். ஆயில் விரலோடு ஒட்டிக்கொண்டு நூலாக இழுத்தது.

"அண்ணே, என்னத்த ஊத்துனீங்க?"

அப்பா தலையைச் சொறிந்தார். "டிராக்டரு இஞ்சின் ஆயிலு மிச்சங் கெடந்துச்சுங்க. எல்லாம் எண்ணெதானேன்னு..."

"எண்ணெதான். குளுருல பாகாயிடாது?"

பழையதை வடித்து, சரியான ஆயிலை ஊற்றினார். கூலி கேட்டதற்கு ஏப்பம் விட்டுக் காட்டினார். அன்று இரவு ஐந்தாவது கோழி. மறுநாள் அடுப்பே இல்லாமல், வெறும் வயிற்றில், வண்டி தக்காளியோடு கிணற்றைத் தாண்டித் திரும்பியது.

பாய் கம்பளியைச் சுருட்டினார். கொட்டகை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அம்மா ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"அதான் சரியாயிருச்சே, தங்கச்சி?"

"சரியானா ஆகட்டுங்கண்ணா. திரும்பி வருதான்னு இன்னும் ஒரு நாளு இருந்து பாத்துட்டுப் போங்க."

ஆக மொத்தச் செலவு: ஆயில் நானூறு ரூபாய், கோழி ஆறு.