மாசிலாமணி கட்டிய கோதா

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு பெருச்சாளி வளை தோண்டிப் பிழைத்து வந்தது. முயலுக்கு மூன்று வாசல் வளை, உடும்புக்கு ஒற்றை வாசல் வளை, மழைத்தண்ணீர் புகாமல் இருக்க நடுவில் ஒரு மேடு என்று பார்த்துப் பார்த்துச் செய்யும். மாசிலாமணி தோண்டினால் கூரை இறங்காது என்று காட்டில் பேர். வீட்டில் மனைவி மரகதமும், ஒரே பிரசவத்தில் பிறந்த ஒன்பது குட்டிகளும். எங்காவது சண்டைச் சத்தம் கேட்டால் மாசிலாமணி மண்ணுக்குள் போய்விடும். சத்தம் அடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் மூக்கை வெளியே நீட்டும்.

அந்த வருடம் சித்திரையிலேயே ஓடை வற்றிவிட்டது. காட்டுக்கே ஒரு குட்டைதான் மிச்சம். விடிந்ததும் அதன் கரையில் நாலு பேர் வந்து நிற்பார்கள்: காட்டெருமை, மலைப்பாம்பு, கரடி, எந்த ஊரிலிருந்தோ ஓடிவந்து காட்டிலேயே தங்கிவிட்ட ஒரு கழுதை. யார் முதலில் குடிப்பது என்று தினமும் தகராறு. தகராறு முற்றி நாலு பேரும் குட்டைக்குள்ளேயே இறங்கிக் கட்டிப் புரளுவார்கள். வெயில் ஏறி அவர்கள் கிளம்பிய பிறகு சின்னப் பிராணிகளுக்கு மிஞ்சுவது சேறு.

மரகதம் அந்தச் சேற்றைத் தேக்கிலையில் அள்ளி வைத்துக்கொண்டு, அது தெளியும்வரை காத்திருக்கும். மேலாக நிற்கும் நாலு சொட்டைக் குட்டிகளுக்குக் கொடுக்கும். ஒன்பதாவது குட்டியின் முறை வரும்போது இலை காய்ந்திருக்கும். அந்தக் குட்டியின் நாக்கு வெடித்துப்போயிருந்தது. மாசிலாமணி அதைப் பார்க்காத மாதிரி வேலைக்குக் கிளம்பிப் போகும்.

சிங்கராசாவுக்குத் தண்ணீர்க் கஷ்டம் கிடையாது. அதன் குகைக்குள்ளேயே ஊற்று. ஆனால் குகை குட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. காலைத் தூக்கம் கெட்டுப்போனதில் ஒருநாள் அது வெளியே வந்து எல்லாரையும் கூட்டியது.

"அடிச்சுக்கிறதுன்னா முறையா அடிச்சுக்கங்க," என்றது சிங்கம். "முட்டுறவன் முட்டட்டும், சுத்திப் பிடிக்கிறவன் பிடிக்கட்டும், அறையறவன் அறையட்டும், உதைக்கிறவன் உதைக்கட்டும். எல்லா வகைச் சண்டைக்கும் சேர்த்து ஒரே போட்டி. ஜெயிக்கிறவன் முதல்ல குடிப்பான். அவன் சொல்ற வரிசையில மத்தவங்க குடிக்கணும். கோதா கட்ட ஆள் இருக்கா?"

அரசவைச் செயலாளர் ஓணான் தலையாட்டியது. எதைக் கேட்டாலும் அது தலையாட்டும். செயலாளர் பதவி அப்படி வந்ததுதான்.

"யாரு?" என்றது சிங்கம்.

இதற்குத் தலையாட்டிச் சமாளிக்க முடியவில்லை. ஓணான் கூட்டத்தைச் சுற்றும்முற்றும் பார்த்தது. மண் அப்பிய நகங்களோடு பின்வரிசையில் நின்ற மாசிலாமணி கண்ணில் பட்டது.

"ராசா, நான் கீழே தோண்டுறவன். கோதாவை மேல இல்ல கட்டணும்?" என்றது மாசிலாமணி.

"மேலேயும் மண்ணுதானே? பதினஞ்சு நாள் தர்றேன். முடிக்கலேன்னா முதல் சுத்துல நீதான் இறங்கணும்."

"யாரோட ராசா?"

"நாலு பேரோடயும்."

மறுநாள் காலையிலேயே மாசிலாமணி வேலையை ஆரம்பித்தது. ஆலமரத்துக்குப் பக்கத்தில் இடத்தைச் சமன் செய்து, இருபது முழத்துக்கு இருபது முழம் சதுரம் போட்டு, நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, மூன்று வரிசைக் கொடி கட்டி, தரையில் ஆற்று மணல் பரப்பியது. தள்ளி நின்று பார்த்தபோது அதற்கே தன் மேல் ஒரு மரியாதை வந்தது.

முதலில் வந்து பார்த்தது காட்டெருமை.

"என்னய்யா இது? நான் உள்ள போயி திரும்பவே இடம் பத்தாது. முட்டுன்னா பின்னால போய் ஓடிவந்து முட்டணும். ஓட நூறு முழமாவது வேணாமா?"

மாசிலாமணி கொடியை அவிழ்த்து, ஒரு பக்கத்தை நூறு முழத்துக்கு நீட்டியது. அடுத்த நாள் மலைப்பாம்பு வந்தது. மாசிலாமணி எட்டி நின்றே பேசியது.

"தம்பி, இது கோதாவா, ரோடா? நான் ஊர்ந்து அந்தப் பக்கம் போறதுக்குள்ள ஜனம் வீட்டுக்குப் போயிடும். வட்டமா கட்டு, சின்னதா. அப்பத்தான் சுத்திப் பிடிக்கச் சௌகரியம். அந்தக் கொடியெல்லாம் இன்னும் கொஞ்சம் தடியா, பழுப்பு நிறத்துல இருக்கட்டும்."

"எதுக்குண்ணே பழுப்பு?"

"நான் கொடியோட கொடியா படுத்திருந்தா நடுவருக்குத் தெரியக்கூடாது."

வட்டமாக்கினால் கரடி வந்து, மூலை இல்லாத கோதாவில் எதிராளியை எங்கே ஒதுக்கி வைத்து அறைவது என்று கேட்டது. கழுதை வந்து பின்னங்காலால் நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, மணல் தரையில் உதை எடுபடாது, பாறை போடு என்றது. பாறை போட்டதும் காட்டெருமை திரும்ப வந்து, குளம்பு வழுக்குகிறது என்று சத்தம் போட்டது.

ஆறாம் நாள் சாயங்காலம் கோதா ஒரு பக்கம் வட்டமாகவும், இன்னொரு பக்கம் வால் மாதிரி நீளமாகவும் இருந்தது. நடுவில், எதற்கென்றே தெரியாமல், ஒரு மூலை. மேலே பறந்துபோன கொக்கு ஒன்று, "யாருக்குப்பா இவ்வளவு பெரிய அகப்பை?" என்று கேட்டுவிட்டுப் போனது.

மாசிலாமணி அந்த மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. மரகதம் தேடிக்கொண்டு வந்தது.

"ஏங்க, முயல் வீட்டுக்கு வளை தோண்டினப்ப மாமியா ஒண்ணு சொல்லிச்சு, மருமக ஒண்ணு சொல்லிச்சு. அப்ப என்ன பண்ணீங்க?"

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கன்னுட்டு வேற வேலைக்குப் போயிட்டேன்."

"எப்பச் சொன்னாங்க?"

"இன்னும் சொல்லல," என்றது மாசிலாமணி. சொல்லி முடித்ததும் அதன் மீசை மயிர் ஒருதடவை துடித்தது.

ஏழாம் நாள் விடியும்போது அது குட்டைக்கரையில் போய் நின்றது. நாலு பேரும் அப்போதுதான் தினவெடுத்த உடம்பை உலுக்கிக்கொண்டு வந்துசேர்ந்தார்கள்.

"அண்ணே, கோதா உங்களுக்குத்தானே? அளவையும் விதியையும் நீங்களே உட்கார்ந்து எழுதிக் குடுத்துடுங்க. ஒரு எழுத்து மாறாம கட்டித் தர்றேன். ஆலமரத்தடியில நல்ல நிழல். விதிமுறைக் கமிட்டின்னு பேரு. நாலு பேருமே உறுப்பினர்."

கழுதை இதுவரை எதிலும் உறுப்பினராக இருந்ததில்லை. "பேர் எழுதிப் பலகை வைப்பாங்களா?" என்று கேட்டது.

"ஆளுக்கொண்ணு வைக்கிறோம்ணே."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் போய் மற்றவர் போகாமல் இருந்தால் விதி எப்படி எழுதப்படும் என்பது நாலு பேருக்குமே தெரியும். ஆகவே நாலு பேரும் போனார்கள்.

உச்சிவேளைக்குக் கொடி அறுக்க மாசிலாமணி குட்டைப் பக்கம் வந்தது. தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. அதில் வானம் தெரிந்தது. முயல்கள் ஒரு பக்கம், கௌதாரிகள் ஒரு பக்கம். நடுவில் மரகதமும் ஒன்பது குட்டிகளும். கடைசிக் குட்டி முகத்தைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை. வயிறு பறை மாதிரி ஆனபிறகு நிமிர்ந்து, அப்பாவைப் பார்த்து, பெரிதாக ஒரு விக்கல் எடுத்தது.

மாசிலாமணி அறுத்த கொடியைக் கீழே போட்டுவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றது. பதினைந்து நாளில் தான் செய்து முடிக்க வேண்டிய வேலை எது என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது.

அதிலிருந்து தினமும் விடியுமுன் ஒரு தேக்கிலையில் ஒரே ஒரு சந்தேகத்தை எழுதிக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போய்விடும். "அண்ணே, உறுமல் சண்டையில சேருமா, பேச்சுல சேருமா?" அந்த ஒரு கேள்விக்கே இரண்டு நாள் ஆயிற்று. பேச்சில்தான் சேரும் என்று முடிவானபோது கரடிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

பிறகு எடைப் பிரிவு. மாசிலாமணி ஒரு பாறைமேல் மரத்தடியைக் குறுக்கே போட்டு ஏற்றம் மாதிரி ஒரு தராசு செய்து வைத்தது. மலைப்பாம்பு ஏறிப் படுத்ததும் தடி தடாலென்று சாய்ந்தது.

"இது மோசடி!" என்று கத்தியது கழுதை. "நேத்து ஒரு மானை முழுங்கியிருக்கார். மானோட எடையை எப்படி இவர் பேர்ல எழுதறது?"

"என் வயித்துல இருக்குறது என்னோடதுதான்," என்றது பாம்பு.

"அப்ப கோதாவுக்குள்ள ரெண்டு பேரா இறங்குறாரா?" என்றது கரடி. "மானுக்குத் தனியா விண்ணப்பம் போடச் சொல்லுங்க."

"அவர் கையெழுத்துப் போடுற நிலைமையில இல்லை," என்றது பாம்பு.

மான் செரிக்கும்வரை அந்தப் பேச்சு தள்ளிவைக்கப்பட்டது.

அந்த நேரத்தில் அவர்கள் விதிகளை எழுதினார்கள். கூர்மையான பொருளைக் கோதாவுக்குள் கொண்டுவரக்கூடாது என்று ஒரு விதி வந்தது. காட்டெருமையின் கொம்பு போயிற்று. காட்டெருமை விடுமா? எதிராளியை மூச்சு முட்டக் கட்டிப்பிடிக்கக்கூடாது என்றது, பாம்பு படுத்துவிட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு தாக்குவது சபைக்கு மரியாதையில்லை என்று பாம்பு எழுதிவைத்தது. கழுதை கொதித்துப்போய், நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்று கரடியின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. எல்லா விதியும் மூன்றுக்கு ஒன்று என்ற ஓட்டில் நிறைவேறியது. அந்த ஒருவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள்.

பதினைந்தாம் நாள் காலை சிங்கம் ஓணானை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது. காடே கூடியிருந்தது. மரகதம் குட்டிகளை அணைத்துக்கொண்டு முன்னால் நின்றது.

சிங்கம் கோதாவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. "இதுல எது வாசல்?"

"அது இன்னும் கமிட்டியில இருக்கு ராசா," என்றது மாசிலாமணி.

"போட்டி?"

"அதுவும் கமிட்டியில..."

"அப்ப இறங்கு உள்ளே."

மாசிலாமணி காலடியைப் பார்த்தது. மண்ணைத் தோண்டிப் போய்விடலாம் என்றால், கழுதைக்காகத் தானே போட்ட பாறை கீழே இருந்தது. மரகதத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கொடிக்கு அடியில் நுழைந்து நடுவில் போய் நின்றது. எதிரே காட்டெருமை எழுந்தது. பாம்பு சுருள் பிரித்தது. கரடியும் கழுதையும் எழுந்தன. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டது.

"ராசா, ஒரு நிமிஷம்," என்றது காட்டெருமை. "விதி பன்னிரண்டு. பெருச்சாளிக்கு எடைப் பிரிவே கிடையாது. இறங்கினா செல்லாது."

"விண்ணப்பமும் போடலை," என்றது கழுதை.

"போட்டாலும் பரிசீலிக்கத் துணைக்குழு அமைக்கணும்," என்றது பாம்பு.

சிங்கம் பிடரி சிலிர்த்து ஓர் உறுமல் உறுமியது. ஆலமரத்துப் பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. முயல்கள் வளைக்குள் பாய்ந்தன. கரடி மட்டும் கையிலிருந்த தேக்கிலையைப் புரட்டிப் பார்த்தது.

"மூணாம் விதி ராசா. உறுமல் பேச்சுல சேரும். அனுமதி வாங்கிட்டுத்தான் பேசணும்."

பிறந்ததிலிருந்து சிங்கத்திடம் யாரும் அனுமதி வாங்கச் சொன்னதில்லை. அது கோபப்படுவதா, ஆச்சரியப்படுவதா என்று தெரியாமல் நின்றது. "யாருகிட்ட வாங்கணும்?" என்றது கடைசியில்.

"தலைவர்கிட்ட. தலைவர்தான் யாருன்னு முடிவாகலை. தேர்தல் வச்சா நாலு ஓட்டும் நாலு பேருக்கு விழுது."

மாசிலாமணி ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "ராசாவே தலைவரா இருந்துட்டா..." என்றது மெல்ல.

சிங்கம் யோசித்தது. "தலைவர் உறுமலாமா?"

"தலைவர் உறுமினா அதுக்குப் பேரு தீர்மானம் ராசா."

சிங்கத்தின் முகம் மலர்ந்தது. அது ஆலமரத்தடியில் நல்ல நிழலாகப் பார்த்து, வாலைச் சுருட்டி உட்கார்ந்தது. "சரி, இன்னிக்கு அஜெண்டா என்ன?"

மாசிலாமணி கோதாவிலிருந்து வெளியே வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்கச் சின்னப் பிராணிகள் வெயில் ஏறுமுன் தெளிந்த தண்ணீர் குடித்தன. மதியம் கூட்டம் கலைந்ததும் உறுப்பினர்கள் விவாதித்துக்கொண்டே குட்டைக்கு வருவார்கள். விவாதித்துக்கொண்டே வரிசையாகக் குடிப்பார்கள். யார் முதலில் வாய் வைத்தார்கள் என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. அகப்பைக் கோதாவில் ஒரு கௌதாரி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளோடு கிளம்பியும் போய்விட்டது.

ஆனி கடைசியில் மழை வெளுத்து வாங்கியது. ஓடை கரை புரண்டது. மாசிலாமணி நேர்மையான தொழிலாளி, அது ஆலமரத்தடிக்கே போய்ச் சொன்னது: "ராசா, அண்ணே, ஓடையில தண்ணி வந்துடுச்சு. இனிமே யார் வேணாலும் எங்க வேணாலும் குடிக்கலாம். போட்டிக்கு அவசியமே இல்லை. நீங்கள்லாம் வீட்டுக்குப் போகலாம்."

ஐந்து பேரும் சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தார்கள். கழுதைக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் சுதாரித்தது சிங்கம்.

"இதை இப்படி வாயால சொன்னா எப்படி மாசிலாமணி? எழுத்துல குடு. வர்ற கூட்டத்துல எடுத்துக்கலாமா வேணாமான்னு இந்தக் கூட்டத்துல பேசுறோம்."

நீதி: பலசாலியைக் கண்டால் பயந்து ஓடாதீர்கள், எதிர்த்தும் நிற்காதீர்கள், விதிமுறைக் கமிட்டியில் ஓர் இடம் கொடுத்து, பெயர்ப்பலகை வைத்து, நிழலில் உட்கார வைத்துவிட்டு உங்கள் குட்டிகளைத் தண்ணீருக்கு அழைத்துப் போங்கள்.