குடியை நிறுத்தப் போன இடத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்

எனக்கு அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு. எழுத்து கோணலாக வரும், முன்னால் நடந்தது பின்னால் வரும், மறதியும் உண்டு. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் வெட்கப்பட்ட விஷயம் மட்டும் எனக்கு மறப்பதே இல்லை. அப்படி ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி. என் வீட்டுக்காரர் போடும் கரையைப் பார்த்தே இது யார் நெய்த புடவை என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கை, காலையில் ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஒருமுறை வீம்பாக அவரே நிறுத்திப் பார்த்தார். மறுநாள் தறியிலேயே வலிப்பு வந்து சாய்ந்துவிட்டார்.

"இனிமே வீட்ல வெச்சு நிறுத்தப் பாக்காதீங்க. ஆஸ்பத்திரியில சேத்துதான் நிறுத்தணும். குடிச்சாலும் ஆபத்து, திடீர்னு விட்டாலும் ஆபத்து" என்றார் டாக்டர்.

எங்கே சேர்ப்பது? மருந்துக் கடையில் போய், "தூரத்துச் சொந்தம் ஒருத்தருக்கு" என்று கேட்டேன். கடைக்காரர், "தறிக்கார அண்ணனுக்குத்தானேம்மா?" என்று கேட்டுவிட்டு (இவர் குடி ஊருக்கே தெரியும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை) செவிலிமேட்டுப் பக்கம் ஓர் இல்லத்தைச் சொன்னார். போய்ப் பார்த்தேன். ஆட்களை உள்ளே வைத்து வெளிப்பக்கம் பூட்டு. டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டால், காவலுக்கு நின்றவர் முன்பணம் எவ்வளவு என்று சொன்னார். திரும்பி வந்துவிட்டேன்.

என் மகள் சுமதிக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. அந்தக் கம்பெனி இன்சூரன்சில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்திருக்கிறாள். அவள் போன் போட்டு விசாரித்தாள்.

"நெறைய பாலிசியில குடிக்கு வைத்தியம்னா தர மாட்டாங்களாம்மா. நம்மளுதுல தருவாங்க. ஆனா அவங்க சொல்ற ஆஸ்பத்திரியா இருக்கணும், மனநல டாக்டர் இருக்கணும், அட்மிட் பண்றதுக்கு முன்னாடி அவங்க சரின்னு சொல்லணும். நம்ம ஊர்லயே ஒண்ணு இருக்குது. எனக்கு லீவு கிடைக்கல, நீ கூட்டிக்கினு போ. கவுன்ட்டர்ல கேக்கறதுக்கு பதில் சொன்னா போதும்."

அந்தப் 'போதும்' என்னிடம் ஆகிற காரியமா?

மறுநாள் காலை போனோம். ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே ஒயின் ஷாப். பகல் பன்னிரண்டு மணிக்குத் திறப்பார்கள். அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, இறக்கிவிட்டிருந்த அந்த ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தொறக்கற வரைக்கும் இருப்பேன். அதுக்கு மேல இந்தக் கை என் பேச்சைக் கேக்காது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

நான் கவுன்ட்டருக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் ஊருக்குப் புதிது. சுமதி சொல்லிக்கொடுத்தபடி, குடியை நிறுத்தச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, போனில் இருந்த பாலிசி நம்பரைக் காட்டினேன்.

"பேஷண்ட் பேர் என்னம்மா?"

எங்கள் வீட்டில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் இல்லை. சுமதியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதுகூட, பக்கத்து வீட்டு அக்கா வந்துதான் அப்பா பேரைச் சொன்னாள். ஆதார் கார்டைக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். அது பையில் இருந்தது, பை அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் போனாலே 'வா, வீட்டுக்குப் போகலாம்' என்பாரோ என்று பயம்.

"பெரிய கோயில் சாமி பேருதாம்மா" என்றேன்.

"இந்த ஊர்ல எந்தக் கோயிலும்மா சின்னது?" என்றாள் அவள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து, "காமாட்சிங்களா?" என்று கேட்டாள்.

காமாட்சி நான்தான். யார் என்று என்னை விசாரிக்கிறாள் என்று நினைத்து, வேகமாகத் தலையாட்டினேன்.

உள்ளே கூட்டிப்போய் எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், கையில் ஒரு பட்டை கட்டினார்கள். (கூட வந்தவர்களையும் இவ்வளவு கவனிக்கிறார்களே, நல்ல ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டேன்.) ஒரு நர்சம்மா எதிரே உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"எவ்ளோ வருஷமா இந்தப் பழக்கம்?"

"கல்யாணம் ஆன மறுவருஷமே ஆரம்பிச்சிடுச்சு."

"தினமுமா?"

"தினமும். கூலி வாங்கற அன்னைக்கு கூடுதலா."

"வீட்ல சண்டை வருமா?"

"அடிதடி எல்லாம் கிடையாது. பாட்டுதான். தெருவே கேக்கும்."

நர்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்ளோ வெளிப்படையா யாரும் சொன்னதில்லம்மா. நீங்க கண்டிப்பா மீண்டு வந்துடுவீங்க."

நான் மீள்வதா என்று யோசிப்பதற்குள் போன் அடித்தது. சுமதி.

"அம்மா, இன்சூரன்ஸ்ல இருந்து மெசேஜ் வந்துக்கிது. உன்னைச் சேக்கறதுக்கு சரின்னுட்டாங்களாம். குடிக்கு. அம்மா, நீயுமா?"

அதே நேரம் ஓர் ஆயாம்மா வராந்தாவில் இவரிடம், "பெரியவரே, உங்க சம்சாரத்துக்கு பெட் ரெடி" என்று சொல்லியிருக்கிறார். அவர் சிரித்த சிரிப்பு எனக்கு உள்ளே கேட்டது. ஓடி வந்தேன்.

"நீ சேந்துக்கோ காமாட்சி. குணமானதும் சொல்லி அனுப்பு, வந்து கூட்டிக்கினு போறேன்" என்று எழுந்துவிட்டார். எதிரே ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறிப்போயிற்று. பையை பெஞ்சிலேயே போட்டுவிட்டு வேகவேகமாக கேட்டை நோக்கி நடந்தார்.

இன்று போனால் இன்னொரு முறை இவரை இங்கே கொண்டுவர முடியாது. எனக்கு அது தெரியும். "ஏங்க" என்றேன். நிற்கவில்லை. "இந்தாங்க" என்றேன். ஒரு கால் ரோட்டில் வைத்துவிட்டார்.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முழுப் பேரையும். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது, அளவு தெரியாமல் வந்துவிட்டது. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

அவர் அப்படியே நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னாடி சொன்ன?"

எனக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது.

"இன்னொரு தபா சொல்லு."

"உள்ள வாங்க, சொல்றேன்."

வந்தார். கவுன்ட்டர் பெண் அதற்குள் அந்தப் பேரைத் தட்டிவிட்டு, "இப்பதாம்மா புரியுது, எந்தக் கோயில்னு" என்றாள். என் பேரில் வந்ததை ரத்து செய்து, அவர் பேரில் மறுபடி கேட்டார்கள். சாயந்திரம்தான் சரி என்று வந்தது. அதுவரைக்கும் டாக்டர் அவரைத் தனியாக விடவில்லை. நடுக்கத்துக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார். என் கையில் கட்டிய பட்டையைக் கழற்ற எல்லோரும் மறந்துவிட்டார்கள். அதோடுதான் பஸ்சில் வீட்டுக்கு வந்தேன்.

குணமாகி வந்த பிறகு அவர் ஒரே ஒரு தீபாவளிக்கு மட்டும் மறுபடி குடித்துவிட்டார். மறுநாள் தானாகவே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். இப்போது தறிச் சத்தம் மட்டும்தான் தெருவுக்குக் கேட்கிறது. குடி நினைப்பில் அவர் முகம் ஒரு மாதிரி போனால் சுமதி, "அப்பா, அம்மாவ பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லட்டா?" என்பாள். வீடே சிரிக்கும். அவர் மட்டும், "உள்ள வாங்க, சொல்றேன்னு சொல்லித்தானே என்னை சேத்தா? இன்னும் சொல்லலியே, பாக்கி இருக்குது" என்பார்.

இதில் இன்சூரன்ஸ் விவரமெல்லாம் சரியா என்று சுமதி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அவர் பேர் வர வேண்டிய இடத்தில் எல்லாம் அவர் என்றோ வீட்டுக்காரர் என்றோதான் எழுதியிருக்கிறேன். எங்கேயாவது பேர் கட்டாயம் வேண்டும் என்றால் அவளே எழுதிக்கொள்ளட்டும்.