பின் சீட்டுக்கு ஆள் தேவை

திங்கட்கிழமை காலை நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். என் மனைவியின் ஸ்கூட்டர் டயரில் இருக்கும் காற்றைப் பிடுங்கிவிடுவது.

உடனே என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற சாது நான். என் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கல்யாணமான புதிதில் வாங்கியது. அன்று முதல் அதன் பின் சீட் அவளுடையது. அவள் நர்ஸ். காலையில் அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத்தான் கடைக்குப் போவேன். வீட்டுக்குள் நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் 'பால் வந்தாச்சா', 'கரண்ட் பில் கட்டியாச்சா' ரகம். வண்டியில் ஏறினால்தான் அவளுக்குப் பேச்சே வரும். என் தோளில் கையை வைத்துக்கொண்டு, வார்டில் நடந்தது, தங்கச்சி போனில் அழுதது, ராத்திரி கண்ட அரைகுறைக் கனவு எல்லாம் சொல்வாள். பாதி காற்றோடு போய்விடும். நான் "ம்?" என்பேன். அவள் இன்னும் கிட்டே குனிந்து, காதோரம் மறுபடியும் சொல்வாள்.

உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். பல நேரம் எனக்கு முதல் தடவையே கேட்டிருக்கும். அவள் கிட்டே வரட்டும் என்றுதான் அந்த "ம்?".

போன வருஷம் அவளுக்கு ஷிப்ட் மாறியது. "தினமும் உங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும்" என்று ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து என் பின் சீட்டில் உட்காருவது கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும்தான். சிலிண்டர் தோளில் கை வைக்காது. மூட்டை கனவு சொல்லாது. மகளும் வெளியூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெண்டாட்டிக்காக ஏங்குகிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஏங்கினேன். ஷிப்ட் பழையபடி மாறிய பிறகும் ஸ்கூட்டர் மாறவில்லை.

'பின்னாடி வந்து உக்காரேன்' என்று கேட்டுவிடலாமே என்பீர்கள். இந்த வயசில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? அதற்குக் காற்றைப் பிடுங்குவது எவ்வளவோ தேவலை.

அவள் சமையலறையில் இருந்தாள். நான் வாசலில் ஸ்கூட்டரின் பின் சக்கரத்தருகே குந்தினேன். வால்வின் சின்ன மூடியைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். உள்ளே இருக்கும் ஊசியை அழுத்தினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி 'உஸ்ஸ்' என்றது. சத்தத்தை மறைக்க இருமினேன். காற்று முழுக்கப் போகிறவரை இருமியதில் நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

"என்னங்க, இப்படி இருமறீங்க?"

"ஒண்ணுமில்ல, தூசி!"

"இருங்க, மருந்து கொண்டுவர்றேன்."

கசப்பு மருந்து இரண்டு மூடி. காதலுக்காகக் குடித்தேன். தலை வாரினேன். பின் சீட்டைத் துணியால் துடைத்தேன். அவள் கைப்பையோடு வெளியே வந்தாள்.

"அய்யய்யோ, டயர் உக்காந்துடுச்சே!"

"அடடா! ஐயோ பாவமே! எப்படி ஆச்சு?" என்றேன். நடிப்பு கொஞ்சம் தூக்கல்தான். "கவலைப்படாத, நான் கொண்டுபோய்—"

"டீச்சர்!" என்று கத்தினாள்.

எதிர்வீட்டு டீச்சர் அந்த நிமிஷம் பார்த்துத்தானா வண்டியை எடுக்க வேண்டும்? என் மனைவி அவர் பின்னால் ஏறிக்கொண்டாள். அவர் தோளில் கையும் வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"அந்த வண்டியைக் கொஞ்சம் பஞ்சர் கடைக்குத் தள்ளிட்டுப் போயிடுங்க!" என்ற குரல் மட்டும் திரும்பி வந்தது.

தள்ளினேன். கடைக்காரர் சோப்புத் தண்ணீர் தடவி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பஞ்சரே இல்லையே சார். யாரோ காத்தைத் திறந்து விட்டிருக்கான்."

"காலம் கெட்டுப்போச்சுங்க" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை, டீச்சர் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து இருமினேன். இந்த முறை என் மனைவி அலட்டிக்கொள்ளவே இல்லை. ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, காலால் மிதிக்கிற பம்ப் ஒன்றை வெளியே எடுத்தாள். கைப்பையிலிருந்து காற்று அளக்கிற மீட்டர் வந்தது.

"இதெல்லாம் எப்ப வாங்கின?"

"போன வாரம். மிதிங்க."

மிதித்தேன். அவள் மீட்டரும் கையுமாக நின்றாள்.

"எனக்குப் பிரஷர் ஏறுதும்மா."

"உங்களுக்குச் சாயங்காலம் பாத்துக்கலாம். டயருக்குக் காலைலதான் பாக்கணும். ஓடிச் சூடானப்புறம் பாத்தா கூடத்தான் காட்டும். ஆமா, உங்க வண்டிக்கு எப்ப காத்து பாத்தீங்க?"

"நான் உதைச்சுப் பாப்பேன். சத்தத்துலயே தெரிஞ்சுடும்."

"பேஷண்ட்டையும் நாங்க உதைச்சா பாக்கறோம்? காத்து கம்மியா இருந்தா வளைவுல வண்டி அலையும். பிரேக் போட்டா இழுத்துட்டுப் போகும். எங்க வார்டுக்கு வந்து பாருங்க, அப்படி உதைச்சுப் பாத்தவங்க எல்லாம் காலைத் தூக்கிக் கட்டிட்டுப் படுத்திருக்காங்க."

மீட்டரில் இருபத்தொன்பது வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு, புர்ரென்று போய்விட்டாள்.

மூன்றாவது திங்கள். இந்த முறை கோட்டை விடுவதாக இல்லை. விடிந்ததுமே பம்பை எடுத்துப் பரணில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் ஒளித்தேன். டீச்சர் கிளம்பினார். இருமினேன். மருந்து குடித்தேன்.

அவள் சீட்டைத் தூக்கினாள்.

"பம்பைக் காணோமே?"

"அப்படியா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, விடுங்க. உங்க வண்டியிலயே வந்துடறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. அதற்கும் என்னைப் போலவே ஏக்கம் இருந்திருக்க வேண்டும். ஏறுவதற்குத் தோளில் கை வைத்தாள். ஒரு வருஷம் கழித்து வைத்த கை. கண்ணை மூடிக்கொண்டேன். கை எடுக்கப்பட்டது.

திரும்பினால், குனிந்து என் பின் சக்கரத்தில் மீட்டரை வைத்திருக்கிறாள். பம்பை ஒளித்த புத்திசாலி, கைப்பையை மறந்துவிட்டேன்.

"பதினேழு! ஒருத்தர் போகவே பத்தாது. ரெண்டு பேர் எப்படிங்க போறது?"

"மெதுவா ஓட்டறேன்மா. உருட்டிட்டே போறேன்."

"காத்தடிச்சாத்தான் ஏறுவேன். இல்லாட்டி ஆட்டோ பிடிச்சுப் போயிடறேன். அந்தப் பம்ப் மட்டும் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. எங்க போய்த் தொலைஞ்சுதோ!"

பம்ப் எங்கே இருக்கிறது என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள். முழி பிதுங்கியது. தோளில் அந்தக் கை இருந்த இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மானம் போனால் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

"பரண் மேல பாக்கட்டுமா?"

"பரணுக்கு எப்படிப் போகும்?"

"எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"பெரிய எலிதான்" என்றாள்.

தலை நிறைய ஒட்டடையோடு பம்பைக் கொண்டுவந்தேன்.

"முதல்ல ஸ்கூட்டருக்கு அடிங்க. நாளெல்லாம் சப்பையா நின்னா டயர் கெட்டுடும்."

நியாயம்தானே? மிதித்தேன். இருபத்தொன்பது வந்தது. காலை எடுத்தேன்.

"இன்னும்."

"போன வாரம் இதுதானே போதும்னே?"

"இன்னிக்கு முப்பத்தாறு."

"எதுக்கு அவ்வளவு?"

"மிதிங்க, சொல்றேன்."

சட்டை தெப்பலாக நனைந்தது. முப்பத்தாறு வந்தது. "இப்ப என் வண்டிக்கு" என்று பம்பைத் தூக்கினேன். அவள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் எதையோ வைத்தாள். சின்னதாக, கறுப்பாக, இரண்டு வால்வு மூடிகள்.

"மொத வாரம் துவைக்கப் போட்ட சட்டைப் பையில ஒண்ணு. போன வாரம் இன்னொண்ணு. புது மூடி வாங்கி வாங்கி எனக்கே அலுத்துப்போச்சு. மூணாவது இப்ப போட்டிருக்கற சட்டையில இருக்கும், எடுங்க."

பையைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. அசடு வழிய அதையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை ஸ்கூட்டர் வால்வில் திருகி மூடினாள்.

"என்கூட வான்னு ஒரு வார்த்தை கேட்டா, வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?" கோபமே இல்லாத குரல். "ஷிப்ட் மாறினதுலேருந்து தினமும் நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு வாசல்ல நின்னு நின்னு பாத்துட்டுத்தான் வண்டியை எடுக்கறேன்."

இருமிச் சமாளிக்கப் பார்த்தேன். இந்த முறை இருமல் வரவில்லை.

"என்கூட வர்றியா?" என்று கேட்டே விட்டேன்.

"வர்றேன். ஆனா உங்க டயரை நம்பி நான் உக்கார மாட்டேன்." ஸ்கூட்டரில் ஏறி ஹெல்மெட்டை மாட்டினாள். "முப்பத்தாறுதான் ரெண்டு பேருக்கான காத்து. ஏறுங்க. ஆஸ்பத்திரிலேருந்து உங்க கடைக்கு பஸ் இருக்கு."

ஏறினேன். காலை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் அவள் தோளில் வைத்தேன். வண்டி அலையவில்லை, இழுக்கவில்லை. பால் பில்லும் கரண்ட் பில்லும் பின்னால் போயின. ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்ததை அவள் காதோரம் மெல்லச் சொன்னேன்.

"உன்னை ரொம்பத் தேடுச்சு."

"ம்?"

பாவம், காற்று. கிட்டே குனிந்தேன். "உன்னை ரொம்பத் தேடுச்சுன்னேன்."

"ம்?"

இன்னும் கிட்டே குனிந்து, மூச்சைப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "உன்னை ரொம்பத் தேடுச்சு!"

அதற்குள் சிக்னல் விழுந்து, எல்லா வண்டிகளும் இன்ஜினை அணைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பக்கத்து பஸ்ஸின் ஜன்னல்களெல்லாம் தலைகளாயின. போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மொத தடவையே கேட்டுடுச்சுங்க" என்றாள். "அந்தக் காலத்துல உங்களுக்குக் கேட்ட மாதிரியே."