முற்றத்து மண் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி லாம்ப்ரோஸுக்கு, உன் அண்ணன் ஸ்தாதிஸ் சொல்லச் சொல்ல மருந்துக்கடை ஃபோடினி எழுதுவது. தேவமாதா உன்னைக் காக்கட்டும். உடம்பு எப்படி என்று முதலில் கேட்பதுதான் முறை. மெல்போர்ன் டாக்டர்கள் கைவிரித்துவிட்டதை உன் மகள் போனில் அழுதுகொண்டே சொல்லிவிட்டதால் கேட்கவில்லை. என் முழங்காலைப் பற்றி நீயும் கேட்கவில்லை.

உன் சவப்பெட்டிக்குள் தூவ நம் வீட்டு முற்றத்திலிருந்து ஒரு பிடி மண் வேண்டுமாம். எந்த வீடு, தம்பி? நம் தெருவுக்கு அடியில் பழங்காலத்து அகோரா கிடக்கிறது, ஊரே கூடிப் பேசிய இடம் என்று சொல்லிக்கொண்டு தோண்ட வந்தவர்களுக்கு, வீட்டைக் கொடுக்கச் சம்மதம் என்று காபிக்கடையில் ஆக்டோபஸ் தின்றுகொண்டே முதல் கையெழுத்துப் போட்டவன் நீ. கட்டைவிரலைக் கடைசியாக வைத்தவன் நான். அன்றைக்கு நீ மாட்டியிருந்தது என் கோட்டு, கப்பலேறும்போது அதையும் கொண்டுபோய்விட்டாய். அம்மாவைக் கொண்டுபோய், பதிலுக்குக் கொடுத்த அடுக்குமாடி வீட்டில், மூன்றாம் மாடியில் வைத்தார்கள், அவள் முற்றம் என்ற நினைப்பில் பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பால்கனியிலிருந்து வீச, கீழே போன பாதிரியார் தாடியோடு நனைந்தார், ஊர் சிரித்தது, அதற்குப் பிறகு அவள் பால்கனிக் கதவைத் திறக்கவே இல்லை, பிணமாகத்தான் படியிறங்கினாள்.

இருந்தாலும் போனேன். நம் வாசல் இருந்த இடத்தில் டிக்கெட் ஜன்னல். நம் வீட்டுக்குள் போக டிக்கெட் வாங்கிய முதல் ஆள் நம் வம்சத்தில் நான்தான். அடுப்பு இருந்த பக்கம் ஒரு கல் கிடந்தது, முழங்கால் கெஞ்சியதால் உட்கார்ந்தேன். உடனே விசில். ஊதியவன் யார் தெரியுமா, காவலாளி அர்ஜிரிஸ், என் ஞானப்பிள்ளை, ஞானஸ்நானத்தின்போது நான் கையில் ஏந்திய பிள்ளை, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் என்னிடம் மெழுகுதிரியும் புதுச் செருப்பும் வாங்கியவன்.

"ஞானத்தகப்பா, அந்தக் கல்லுல உக்காராதீங்க."

"டேய், இங்கதான்டா உங்கம்மா எங்கம்மா சுட்ட ரொட்டியத் தின்னா."

"தின்னிருக்கும். நீங்க கயித்துக்கு இந்தப் பக்கம் வாங்க."

அந்த நேரம் பார்த்து, வழிகாட்டிப் பெண் ஒருத்தி ஒரு கூட்டத்திடம், இந்த இடத்தில் எந்தக் குடிமகனும் எழுந்து தன் குறையைச் சொல்லலாம் என்றாள். சரி என்று நானும் எழுந்தேன். உன் ஆக்டோபஸிலிருந்து ஆரம்பித்தேன், கோட்டு வரைக்கும் வந்தேன், சிலர் படம்கூட எடுத்தார்கள். மறுபடி விசில்.

"சத்தம் போடக் கூடாது இங்க."

"எவன் வேணா பேசலாம்னு அந்தப் பொண்ணு இப்பத்தானடா சொல்லுச்சு?"

"அது அந்தக் காலத்து ஆளுங்களுக்கு. இப்ப பேசணும்னா அனுமதி வாங்கிட்டு வரணும்."

கோபத்தில் குனிந்து மண்ணை அள்ளினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கொட்டிருங்க. இதுல ஒரு பொட்டு போனாலும் எனக்கு வேலை போயிரும். அதுவுமில்லாம இது உங்க மண்ணே கிடையாது, கீழ இருந்த பழைய மண்ணு. உங்க முற்றமெல்லாம் மேல கெடந்த குப்பைன்னு லாரில அள்ளிட்டாங்க."

"எங்கடா கொட்டுனாங்க?"

"துறைமுகத்துல கார் நிறுத்துற எடத்துல. தார் போட்டாச்சு."

ஆகவே, தம்பி, மண் இல்லை. அம்மா தினமும் பெருக்கிய முற்றத்தின் மேல் யார் யாரோ வண்டியை நிறுத்திவிட்டு மீன் தின்னப் போகிறார்கள். நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இடத்திலிருந்து இனி எதையும் கேட்காதே. மெல்போர்ன் உன்னை வாழவைத்தது, அந்த மண்ணே உன்னை மூடட்டும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் கன்னம் இரண்டிலும், மனமில்லாமல், முத்தமிடும்

அண்ணன் ஸ்தாதிஸ்.

பி.கு.: வீட்டை இடிக்க வந்த அன்று காலையில் முற்றத்து மண்ணை ஓர் எண்ணெய் டின்னில் அள்ளிக்கொண்டேன். மேலே புதினா நட்டு அடுக்களை ஜன்னலில் வைத்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. எனக்கென்று வைத்தது. பாதி உன்னுடையது. உங்கள் ஊருக்குள் மண்ணை விடமாட்டார்களாம், அதனால் காபிப் பொட்டலத்தில் போட்டு அனுப்புகிறேன். உன் மனைவியிடம் முதலிலேயே சொல்லிவை, கொதிக்க வைத்துவிடப் போகிறாள். பொட்டலம் வந்து சேரும்வரை செத்துத் தொலைக்காதே.