பதினேழாவது டெஸ்டும் இரண்டு லெச்சுமிகளும்

வேலை நல்லபடியாக முடிந்துவிட்டால் துக்கம் விசாரிக்க வருகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஹட்டனில் எங்களோடு வேலை பார்த்தார். கம்பியூட்டரில் 'பாஸ்' என்று வந்ததும் நாங்கள் கைதட்டுவோம். அவர் முகம் வாடி, "ஏன் பாஸாச்சு?" என்பார்.

எங்கள் ஒபிஸ் பஜாரில், ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பெயின்ட் வாசமும் கயிற்று வாசமும் படியேறி வரும். தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போகிற ஒரு நடமாடும் கிளினிக்குக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். நான்தான் பொறுப்பு. அதன் உயிர், யாரோ எப்போதோ பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிவிட்டுப் போன ஒரு நிரல் துண்டு, மொடியூல். நம் ஆட்களின் பெயரை ஒவ்வொரு கிளாக்கரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்களே, லெட்சுமி, லெச்சுமி, லக்ஷ்மி என்று? எப்படி எழுதினாலும் ஆளைக் கண்டுபிடித்து அவருடைய நோய்க் கார்டை எடுத்துத் தருவது மொடியூலின் வேலை. சரியாகத்தான் தருகிறதா என்று கேள்வி கேட்டுப் பார்க்க இருபத்திரண்டு டெஸ்ட் ஸ்கிரிப்டுகள். அவற்றை ஓட்டிப் பார்ப்பது நம்மவர் வேலை.

தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களின் பெயர் கூப்பிடுவார்கள் அல்லவா, அதேபோல எட்டு மணிக்குக் கையில் பேனாவும் கொப்பியுமாகக் கம்பியூட்டர் முன்னால் நிற்பார். "மூணு? வந்திருக்கு. நாலு? வந்திருக்கு." இருபத்திரண்டும் முடிந்தால்தான் தேத்தண்ணி. அப்படித்தான் அவருக்குப் 'பெரட்டு' என்று பெயர் விழுந்தது.

வந்த முதல் வாரமே, எந்தப் பெயரைக் கேட்டாலும் மொடியூல் கையை விரிக்கும்படி வேண்டுமென்றே ஒரு பிழையை உள்ளே எழுதி வைத்தார். நான் எழுந்து ஓடினேன்.

"என்ன செய்றீங்க?"

"பயப்படாதீங்க மிஸ். இந்த இருபத்திரெண்டு பேரும் முழிச்சிருக்காங்களான்னு பாக்குறேன்."

இருபத்தொரு ஸ்கிரிப்டுகள் பிழை பிழை என்று கத்தின. ஒன்பதாவது மட்டும் 'எல்லாம் சரி' என்றது.

"பாத்தீங்களா? பெரட்டுல பேரக் குடுத்துட்டு லயத்து வீட்டுல போய் படுத்துக்கிற ஆளு இவன்!" அன்று முழுவதும் அவர் ஒன்பதோடு பேசவில்லை.

ஆனால் அவர் தூக்கத்தைக் கெடுத்தது பதினேழு. சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில். மறுபடி ஓட்டினால் பாஸ். ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றியிருக்க மாட்டோம்.

"அதான் ரெண்டாந் தடவ பாஸாகுதே, விடுங்க பெரட்டு."

"மொதத் தடவ ஏன் வேற மாதிரி சொன்னான் மிஸ்? அத யாரு கேக்கிறது?"

கொப்பியில் எழுத ஆரம்பித்தார். நேரம், மழை, பனிமூட்டம், பஸ் லேட், ஒபிஸில் யார் யார். இரண்டு வாரம் கழித்துத் தயங்கித் தயங்கி வந்தார். "மிஸ், கோவிச்சுக்காதீங்க. நீங்க உள்ள இருக்கிறப்பதான் அது கூடுதலா ஃபெயிலாகுது. கொஞ்சம் வெளிய நிப்பீங்களா?"

நின்றேன். பொறுப்பாளராகிய நான், தூறல் அடிக்கிற படிக்கட்டில், கால் மணி நேரம். கீழேயிருந்து ஹாஜியார் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மகள், வெளிய போட்டுட்டானா?"

உள்ளேயிருந்து பெரட்டின் குரல்: "ஃபெயில்! நீங்க வரலாம் மிஸ். ஒங்க மேல தப்பில்ல!"

இதற்குள் நாள் நெருங்கிவிட்டது. திங்கட்கிழமை பொகவந்தலாவையில் கிளினிக் தொடங்கவேண்டும். வெள்ளிக்கிழமை நான் பொறுமையிழந்து, பதினேழை நிறுத்திவைக்கச் சொன்னேன்.

"பேர வெட்டுனா காரணம் எழுதணும் மிஸ். என்ன எழுதட்டும்?"

"மிஸ் சொன்னாங்கன்னு எழுதுங்க."

அப்படியே எழுதிவிட்டார். இருபத்தொன்று பாஸ் என்று திரை காட்டியது. அந்த ஃபைலைத் திறந்தால், நிறுத்திய வரிகளுக்கு மேலே தமிழில் 'மிஸ் சொன்னாங்க' என்று இருந்தது. வீட்டுக்குப் போன பிறகும் அது கண்ணை உறுத்தியது.

சனிக்கிழமை காலை ஃபோன் வந்தது. "புடிச்சிட்டேன் மிஸ்!"

பெர்லில் ஒருவகைப் பட்டியல் உண்டு. அதில் போட்ட பெயர்கள், போட்ட வரிசையில் திரும்பி வராது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரிசை. அது மாறாமல் கட்டிவைக்க வழி இருக்கிறது. பெரட்டு கட்டிவைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு வரிசையில் பதினேழு எப்போதும் பாஸ், இன்னொன்றில் எப்போதும் ஃபெயில். பதினேழுக்குள் மாதிரிக்கு இரண்டு லெச்சுமிகள் இருந்தார்கள். இருவருக்கும் புருஷன் பெயர் ராமசாமி, தோட்டத்தில் ஒரே டிவிஷன். மொடியூல் யோசிக்காமல், வரிசையில் முதலில் நின்றவளின் கார்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. அவள் பதினேழு எதிர்பார்த்த லெச்சுமி என்றால் பாஸ், மற்றவள் என்றால் ஃபெயில்.

"அது யாரோ மாதிரிக்கு எழுதுனது பெரட்டு. நெஜத்துல அப்படி யார் இருக்கப் போறாங்க?"

"நாளைக்குப் பொகவந்தலாவைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

ஞாயிறு மத்தியானம் மறுபடி ஃபோன். "மிஸ், ஒரு டிவிஷன்லயே மூணு லெச்சுமி. அதுல ரெண்டு பேரு வீட்டுக்காரரு ராமசாமி. நெட்ட லெச்சுமி, குட்ட லெச்சுமின்னு கூப்புடுறாங்க. இந்தாங்க, நெட்டம்மா பேசுறாங்க."

ஒரு பெண் குரல், தேயிலை மலையில் கூப்பிடுகிற சத்தத்தில் பேசியது. "அம்மா, முன்ன ஒருதடவ ஊசி போட்டு மூஞ்செல்லாம் வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில கெடந்தேன். அது எனக்கு ஒத்துக்காதும்மா. ஒங்க கம்பியூட்டருக்குச் சொல்லிருங்க. அந்தப் புள்ள குட்டைக்கு ஒண்ணுமில்ல, அவ எதுனாலும் தாங்குவா."

பக்கத்தில் யாரோ, குட்டை லெச்சுமியாகத்தான் இருக்கவேண்டும், சிரிப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குட்டையின் கார்டைப் பார்த்து நெட்டைக்கு ஊசி போட, நாங்கள் ஒரு திங்கட்கிழமையைக் குறித்து வைத்திருந்தோம். சரி என்று போட்ட கையெழுத்து என்னுடையது.

கிளினிக்காரர்களைக் கூப்பிட்டு இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். நன்றாகத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். ஒரே மாதிரி இரண்டு பேர் வந்தால் இரண்டு கார்டையும் காட்டி, எவர் என்று கேட்கும்படி மொடியூலை மாற்றினோம். பதினேழையும் அதையே எதிர்பார்க்கும்படி திருத்தி, 'மிஸ் சொன்னாங்க'வை நானே என் கையால் அழித்தேன். பெரட்டு வரிசையை மாற்றி மாற்றி இருநூறு தடவை ஓட்டினார். இருநூறும் பாஸ். அன்று மட்டும் 'ஏன் பாஸாச்சு?' என்று கேட்கவில்லை.

கிளினிக் தொடங்கிய நாள் நாங்கள் இருவரும் போயிருந்தோம். நர்ஸ் பெயரை அடித்ததும் திரையில் இரண்டு லெச்சுமிகள் வந்தார்கள். நர்ஸ் பிறந்த திகதி கேட்டார். நெட்டைக்குத் திகதி தெரியவில்லை. ஊசிக் கதையைச் சொன்னார். போதுமாக இருந்தது. பெரட்டிடம் சொல்லலாமென்று திரும்பினால் ஆளைக் காணோம். வெளியே, மழையில் நிற்கிற வரிசைக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் கொழும்பில் ஏதோ பெரிய கம்பெனியில் இருக்கிறார். அங்கே யாரைப் படிக்கட்டில் நிற்கவைக்கிறாரோ தெரியாது.

கிளினிக் தொடங்கிய அன்று திரும்பும்போது பஸ் புறப்பட்டதுமே தூங்கிவிட்டார். வளைவுக்கு வளைவு தலை ஜன்னல் கண்ணாடியில் போய் இடித்தது. நான் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து இடையில் வைத்தேன். ஹட்டன் வரும்வரை நல்ல குளிர். எழுப்ப மனம் வரவில்லை.