விரால் சாரின் இருபத்தெட்டு டிகிரி பீர்

கிழக்குத் தாம்பரத்தில் ஆரம்பித்து தெற்கே இருக்கிற அத்தனை ஏரிகளிலும் தூண்டில் போட்டவர்களை வரிசையாக நிற்க வைத்தால், ஒரே ஒரு விரால் மீன்கூடப் பிடிக்காமல் ‘விரால் சார்’ என்று பெயர் வாங்கியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஒருமுறை தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, “அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லையே” என்று நானே திருப்பி அனுப்பிவிட்டேன். நான் குடியிருந்ததே அவர் வீட்டு மாடியில்தான்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்த கதை. சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. குடியிருப்பு செம்பாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. கீழ்வீட்டில் விரால் சாரும் அவர் மனைவி டீச்சரம்மாவும். சார் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளர். ஊரில் எல்லாரும் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் தெர்மாமீட்டர் வைத்திருப்பார்.

சனிக்கிழமை தோறும் அவர் செம்பாக்கம் ஏரிக்கரையில் மூங்கில் கழியோடு உட்கார்ந்துவிடுவார். ஞாயிறு சர்ச்சுக்கு. டீச்சரம்மா அங்கே பாடகர் குழுவில் முன்வரிசை. சனிக்கிழமை ஒரு பீருக்கு அந்த அம்மா அனுமதி கொடுத்திருந்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

“பாட்டில் நம்ம கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வந்தா நான் வெளியே போயிடுவேன்.”

பதினோரு வருஷமாக சார் இந்தச் சட்டத்தை மீறியதில்லை. ஆனால் அவரிடமும் ஒரு சட்டம் இருந்தது. மீன் மாட்டினால்தான் பீர். மாட்டாத நாளில் பன்னீர் சோடா. அதுவும் சும்மா பேருக்கு இல்லை. காலையிலேயே முண்டியடித்து வாங்கிய பீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், இவர் அதைப் பார்த்துக்கொண்டே பன்னீர் சோடா குடிப்பார். பாட்டிலை மணி அண்ணனிடம் கொடுத்துவிட்டு வீடு வந்துவிடுவார். மணி அண்ணன் அந்த ஏரியில் வலை வீசிப் பிழைப்பவர். சாருக்கு மீன் மாட்டாமல் இருக்க வேண்டும் என்று உளமார வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன்.

முதல் சனிக்கிழமை சார் என்னை அழைத்துப் போனது ஏரிக்கு இல்லை, கடைக்கு. அந்த நாள் கடைகளை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். கம்பி வலை, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்குள் ஒரே நேரத்தில் பதினாறு கைகள். சார் மட்டும் அந்த நெரிசலில் நின்று, நகைக்கடையில் நெக்லஸ் பார்க்கிறவரைப் போல நிதானமாகக் கேட்பார்.

“தம்பி, இன்னிக்கு ஜிலேபிக் கெண்டைதான் மாட்டும்னு நெனைக்கிறேன். அதுக்குத் தகுந்த மாதிரி லேசா ஒன்னு இருக்கா?”

“ஒரே ஒரு சரக்குதான் சார் கீது. வோணுமா, வோணாவா?”

“கூலிங்?”

“சார், காலைல பேஜார் பண்ணாத. லாரில வெயில்ல வந்த மால். சூடாத்தான் கீது. பின்னாடி ஆள் நிக்குது பாரு!”

எந்த பீர் வரும் என்பது கடைக்காரருக்கே தெரியாத காலம் அது. மாறி மாறி வந்த மூன்று வகைக்கும் சார் தானே பெயர் வைத்திருந்தார். மஞ்சள் லேபிள் போட்டது ‘ஹோமியோபதி’. இருக்கிறதா இல்லையா என்று நாக்குக்குச் சந்தேகம் வரும். ஜிலேபிக் கெண்டைக்கு அதுதான் பொருத்தம். சிவப்பு லேபிள் ‘கரண்ட்’. கெளுத்தி மீனுக்கு உரியது. “கெளுத்தி முள்ளு குத்தினா தோள் வரைக்கும் கடுக்கும் தம்பி. அந்தக் கடுப்பை இன்னொரு கடுப்பாலதான் எடுக்கணும்” என்பார். மூன்றாவது பச்சை லேபிள், ‘ஈரச்சாக்கு’. பெயர்க்காரணம் சொல்லத் தேவையில்லை. அதற்கு ஏற்ற மீன் இன்னும் படைக்கப்படவில்லை என்பது அவர் கட்சி.

சூடாக வாங்கிய பாட்டிலை ஒரு கோணிப்பையில் போட்டு, கயிறு கட்டி, ஏரித் தண்ணீரில் இறக்கிவிடுவார். கயிற்றின் மறுமுனை கரையில் இருக்கும் வேலிக்காத்தான் வேரில். அரை மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்.

“ஏரி இருபத்தெட்டு. பீர் முப்பத்தி மூணு. பொறு.”

“சார், என்கிட்ட குட்டி ஃபிரிட்ஜ் இருக்கு. அதுல வெச்சா ஜில்லுன்னு இருக்குமே?”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! லேபில் ஆசிட்டை வாயால் உறிஞ்சிய மாணவனை அப்படித்தான் பார்த்திருப்பார்.

“மீன் எந்தச் சூட்டுல வாழ்ந்துச்சோ, அந்தச் சூட்டுலதான் பீரும் இருக்கணும். இல்லேன்னா வயித்துக்குள்ள ரெண்டும் பேசிக்காது.”

மணி அண்ணன் தூரத்திலிருந்து கத்துவார். “இன்னா சார், பாட்டில ஊற போட்டுகினு கீற? மீனுக்குக் குடுக்கிறியா? போதைல அதுவே கரைக்கு வரும்னு பாக்குறியா?”

“உனக்கு சயின்ஸ் தெரியாது மணி!”

“சயின்ஸ் தெரிஞ்ச நீ இன்னும் ஒரு விரால் புடிக்கலியே சார்!”

அங்கேதான் அவருக்கு வலிக்கும். ஜிலேபி மாட்டியது, கெளுத்தி மாட்டியது, ஒருமுறை யாரோ தொலைத்த டிபன் பாக்ஸ் மூடிகூட மாட்டியது. விரால் மட்டும் மாட்டவில்லை. தவளைக் குஞ்சை முள்ளில் கோத்து, மூச்சுவிட விரால் மேலே வரும் இடமாகப் பார்த்துத் தூண்டிலைப் போட்டு, பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சமயத்தில் கம்பெனி என்னை மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியது. “உங்களுக்கு என்ன சார் வாங்கிட்டு வரட்டும்?” என்றேன். சார் கீழே எட்டிப் பார்த்து, டீச்சரம்மா சமையலறையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, என் காதில் சொன்னார்.

“ஒரே ஒரு பீர்.”

நான்கு ஜோடி சாக்ஸிலும் ஒரு ஸ்வெட்டரிலும் சுற்றி அந்தப் பாட்டிலைக் கொண்டு வந்து சேர்த்தேன். சார் அதைக் கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். லேபிளில் இருந்த காலாவதி தேதியைப் படித்தார். ஜூலை மாதக் கடைசி. ஆறு மாதம் இருந்தது.

“தம்பி, இதுக்கு ஏத்த மீன் ஒன்னே ஒன்னுதான். விரால் மாட்டின அன்னிக்குத்தான் இதைத் திறப்பேன். நீயும் நானும் சேர்ந்துதான் குடிப்போம்.”

பாட்டில் என் ஃபிரிட்ஜில் குடியேறியது. கீழ் கேட் தாண்டக் கூடாதே! மாடிக்குத் தனிப் படி, தனிக் கேட். ஆகவே சட்டப்படி குற்றமில்லை என்று சாரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். என்றைக்கு விரால் மாட்டும் என்று தெரியாததால், ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பாட்டில் ஏரிக்குப் போய், இருபத்தெட்டு டிகிரியில் நாள் முழுக்க ஊறி, மாலையில் ஃபிரிட்ஜுக்குத் திரும்பியது. இப்படி வாரா வாரம் ஜெர்மனிக் குளிருக்கும் செம்பாக்கத்து வெயிலுக்கும் போய் வந்த பாட்டில் உலகத்திலேயே அது ஒன்றுதான். இரண்டே மாதத்தில் லேபிள் கரைந்து போனது. சார் அசரவில்லை. லேபில் பாட்டில்மேல் எழுதும் மெழுகுப் பென்சிலால், கண்ணாடியிலேயே எழுதிவிட்டார்: ‘விரால் மட்டும். ஜூலை.’

மே மாதத்தில் ஒருநாள் தக்கை சரக்கென்று உள்ளே போனது. சார் இழுத்தார். கருப்பாக, நீளமாக, பாம்புத் தலையோடு ஒரு மீன்! நான் குதித்தேன். மணி அண்ணன் ஓடி வந்தார்.

“விராலுதான் சார்! பாட்டில எடு!”

சார் மீனைக் கையில் ஏந்தினார். கண்ணாடியை மாட்டி, தலையைப் பார்த்து, வாலைப் பார்த்து, ஸ்கேல் வைத்து அளந்தார். அவர் முகம் சுருங்கிப் போனது.

“இது குறவை. விராலோட பங்காளி. விரால் இல்ல.”

“யாருக்கு சார் தெரியப் போவுது? ரெண்டும் ஒரே ஜாடைதான!”

“எனக்குத் தெரியுமே மணி. நான் பொய் சாட்சி சொல்ல மாட்டேன்.”

குறவையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கடை பீரைக்கூடத் தொட மனசு வராமல் அன்றைக்குப் பன்னீர் சோடா குடித்தார். ஜெர்மன் பாட்டில் திறக்கவில்லையே என்று அவரைவிட அதிகம் அழுதது மணி அண்ணன்தான்.

ஜூலையில் எனக்கு ஓலை வந்தது. மறுபடியும் ஜெர்மனி. இந்த முறை வருஷக் கணக்கில். விமானம் ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஆக, அந்தப் பாட்டிலுக்கும் எனக்கும் சேர்த்து மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை!

அன்று காலை ஆறு மணிக்கே சார் என் கதவைத் தட்டினார். புதுச் சட்டை. தலைக்கு எண்ணெய். டீச்சரம்மாகூட கேட்டில் நின்று, “இன்னிக்காவது பிடிச்சிட்டு வாங்க. ஆறு மாசமா தூக்கத்துல விரால் விரால்னு பொலம்புறீங்க” என்று வழியனுப்பினார். ஏரியின் தென்கரையில், முன்பு லாரிக்காரர்கள் மண் எடுத்த பள்ளம் ஒன்று உண்டு. ஆழம் யாருக்கும் தெரியாது. விரால் அங்கேதான் என்று சார் கணக்குப் போட்டிருந்தார். கோணிப்பையை இறக்கினோம். தூண்டிலைப் போட்டோம். எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு. நான் மனசுக்குள் விமான டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குத் தக்கை ஆடவில்லை. காணாமலே போய்விட்டது!

“தம்பீ!”

கழி வில்லாக வளைந்தது. தண்ணீர் வெடித்து ஒரு மீன் மேலே எழும்பி விழுந்தது. என் முழங்கை நீளம்! கறுத்த முதுகு, வெளுத்த வயிறு. சத்தியமாக விரால்! ஸ்கேலே தேவையில்லை. சார் அலறுகிறார், நான் அலறுகிறேன், எதிர்க்கரையில் மணி அண்ணன் வலையைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டே ஓடி வருகிறார்.

அந்த விரால் சும்மா ஓடவில்லை. கோணிப்பைக் கயிற்றைச் சுற்றி ஓடியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. தூண்டில் நரம்பும் கயிறும் பின்னிக்கொண்டன. அது இழுத்த இழுப்பில் வேரில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. கோணிப்பை பள்ளத்தை நோக்கி வழுக்க ஆரம்பித்தது. சார் பாய்ந்து இடது கையால் கயிற்றின் நுனியைப் பிடித்துவிட்டார். வலது கையில் கழி. கால் இரண்டும் சேற்றில் வழுக்குகின்றன. நான் பின்னாலிருந்து அவருடைய புதுச் சட்டையைப் பிடித்துத் தொங்குகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்கும் தெரியாது என்று அன்றுதான் தெரிந்தது.

“கயித்த வுடு சார்! பாட்டிலு போனா போவுது! விரால வுடாத!” மணி அண்ணனின் குரல் கரை முழுக்கக் கேட்டது.

ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். சார் மீனைப் பார்த்தார். திரும்பி ஒரே ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் வலது கையை விட்டுவிட்டார்.

மூங்கில் கழி ஏரியின் நடுவை நோக்கி, ஆபீஸுக்கு நேரமானது போல விறுவிறு என்று போனது. கயிற்றில் பின்னியிருந்த நரம்பு பட்டென்று அறுந்தது. கழி மட்டும் மிதந்தது. கோணிப்பை எங்கள் காலடிக்கு வந்து சேர்ந்தது.

மணி அண்ணன் மூச்சிரைக்க வந்து நின்றார். “இன்னா சார் பண்ணிட்ட? பதினோரு வருசம் சார்!”

“விரால் இந்த ஏரியிலதான் மணி இருக்கும். இவன் நாளைக்கு ஃபிளைட் ஏறிடுவான்.”

நான் உளறினேன். “ஆனா சார், விரால் பிடிச்சாத்தானே திறக்கணும்?”

சார் சேற்றிலேயே உட்கார்ந்து யோசித்தார்.

“மாட்டிச்சா, இல்லையா?”

“மாட்டிச்சு சார்.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“மணி?”

“இன்னா சார் இப்டி கேக்குற! அது சைஸு என் கண்ணுலயே நிக்குது!”

“அப்போ பிடிச்சாச்சு. விட்டது தனி விஷயம்.”

குறவைக்காகப் பொய் சொல்ல மறுத்தவர் கொடுத்த தீர்ப்பு இது! தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். இருபத்தெட்டு. திறந்தார். விளிம்பு உடைந்த லேப் பீக்கர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, எனக்கு, மணிக்கு, அவருக்கு என்று மூன்று டம்ளர்களில் மில்லி பிசகாமல் அளந்து ஊற்றினார்.

ஒரு வாய் குடித்தேன். ஆறு மாதம் ஃபிரிட்ஜும் ஏரியுமாக அலைந்த அந்த ஜெர்மன் பீர், வாயில் வைத்தால், அச்சு அசல் ஈரச்சாக்கு!

“தூ! கோணில ஊறுன தண்ணி கணக்கா கீது சார்” என்றார் மணி அண்ணன். ஆனாலும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

சார் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தார். “உலகத்துலேயே இதாண்டா பீர். எப்படி இருக்கு தம்பி?”

“பிரமாதம் சார்” என்றேன். நானும் அன்றைக்குப் பொய் சாட்சி சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை ஜெர்மனியில் எனக்கு போன் வந்தது. எடுத்ததுமே அலறல்.

“தம்பீ! மாட்டிச்சுடா! ஒன்னே முக்கால் கிலோ! கரைக்கே வந்துடுச்சு! இதோ மணி சாட்சி!”

“ஆமா தம்பி, நெஜம் விராலு!” என்று பின்னாலிருந்து குரல். நான் சூப்பர் மார்க்கெட் நடுவில் நின்று கத்தியதில் நாலு வெள்ளைக்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

“சார், சூப்பர் சார்! என்ன பீர் குடிச்சீங்க? ஹோமியோபதியா, கரண்ட்டா?”



“பன்னீர் சோடாதான் குடிச்சேன்.”

“ஏன் சார்? விரால்தான் பிடிச்சிட்டீங்களே!”

“நீ இல்லையேடா.”